ஆசிரியர் பென்ஷன் யாருக்கு, எப்போது? அமெரிக்க மாநிலச் சட்டங்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

இல்லினாய் மாநிலத்து அரசுப் பள்ளி ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அடுத்தடுத்த வகுப்பறைகளில் இரண்டு கணக்கு ஆசிரியர்கள். ஒருவர் 2010 ஆகஸ்டில் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தவர். மற்றவர் 2011 ஆகஸ்டில் சேர்ந்தவர். பாடம் ஒன்று, வேலை நேரம் ஒன்று, சம்பளத்தில் பிடித்தமும் ஒன்று. இருவருக்கும் 9 சதவீதம். ஆனால் முதல் ஆசிரியருக்கு 10 வருடப் பணிக்காலம் இருந்தால் 60 வயதிலும், 35 வருடம் இருந்தால் 55 வயதிலும் முழு பென்ஷன் கிடைக்கும். இரண்டாமவர் முழு பென்ஷன் வேண்டுமென்றால் 67 வயது வரை காத்திருக்க வேண்டும். 62 வயதில் ஓய்வு பெறலாம். ஆனால் 67-க்கு முந்தும் ஒவ்வொரு வருடத்துக்கும் 6 சதவீதம் வெட்டு விழும்.

இதற்குக் காரணம் 2010-இல் அந்த மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டம். 2011 ஜனவரி 1 என்று ஒரு கோடு போட்டு, அதற்கு முன் சேர்ந்தவர்களை முதல் பிரிவு என்றும், அதற்குப் பின் சேர்ந்தவர்களை இரண்டாம் பிரிவு என்றும் அது பிரித்தது. கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை உங்கள் உழைப்போ திறமையோ முடிவு செய்யவில்லை. சேர்ந்த தேதிதான் முடிவு செய்கிறது. அமெரிக்க ஆசிரியர் ஓய்வூதியச் சட்டங்களைப் புரிந்துகொள்ள நினைக்கும் எவரும் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்தத் தேதியைத்தான்.

ஏன் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு?

அமெரிக்காவில் ஆசிரியர் பென்ஷனுக்கென்று ஒரே தேசியச் சட்டம் கிடையாது. 1935-இல் சோஷியல் செக்யூரிட்டி சட்டம், அதாவது ஊழியரிடமும் முதலாளியிடமும் வரி பிடித்து முதுமையில் மாதத் தொகை தரும் தேசியத் திட்டம், வந்தபோது, மாநில, உள்ளாட்சி ஊழியர்கள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். மாநில அரசுகள் மீது மத்திய அரசு வரி போட முடியுமா என்ற அரசியலமைப்புச் சிக்கல் அதற்கு ஒரு காரணம். அதற்கு முன்பே பல இடங்களில் ஆசிரியர்களுக்குத் தனி நிதியங்கள் உருவாகியிருந்தன. சிகாகோ நகர ஆசிரியர் நிதியம் 1895-இலேயே தொடங்கியது. கலிபோர்னியாவின் நிதியம் 1913-இல், நியூயார்க் மாநிலத்தின் நிதியம் 1921-இல், டெக்சாஸின் நிதியம் 1937-இல் வந்தன. இன்றும் இவை ஒவ்வொன்றும் தத்தம் மாநிலச் சட்டப்படிதான் நடக்கின்றன.

இன்னொரு விஷயமும் உண்டு. தனியார் நிறுவன ஊழியர்களின் பென்ஷனைக் காக்க 1974-இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. எரிசா என்று அதைச் சொல்வார்கள். வழக்கமான பென்ஷன் திட்டம் வைத்திருக்கும் தனியார் நிறுவனம், 5 வருடம் வேலை செய்தவருக்கு முழு உரிமை தரலாம், அல்லது படிப்படியாகத் தொடங்கி 7 வருடத்துக்குள் தந்து முடிக்கலாம். அதற்கு மேல் இழுத்தடிக்க முடியாது. அரசு நடத்தும் திட்டங்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது. அதனால் ஒரு மாநிலம் தன் ஆசிரியர்களிடம் 10 வருடம் வேலை செய்த பிறகுதான் பென்ஷன் உரிமை என்று சொல்ல முடிகிறது. ஜார்ஜியா, மாசசூசெட்ஸ், நியூஜெர்சி எல்லாம் அப்படித்தான் சொல்கின்றன.

சட்டத்தின் கண்ணில் யார் ஆசிரியர்?

வகுப்பில் நின்று பாடம் நடத்துபவர் ஆசிரியர் என்று நாம் நினைக்கிறோம். பென்ஷன் சட்டம் அவ்வளவு எளிதாக விடாது. முழுநேர ஆசிரியர் முதல் நாளிலிருந்தே நிதியத்தின் உறுப்பினராகிவிடுவார். சிக்கல் ஓரங்களில் இருப்பவர்களுக்குத்தான். ஒருவர் விடுப்பில் போகும்போது அவருக்குப் பதிலாக நாள் கணக்கில் வரும் மாற்று ஆசிரியர், பாதி நேரம் வேலை செய்பவர், சார்ட்டர் பள்ளி (அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தோடு நடக்கும் பள்ளி) ஆசிரியர், இவர்களெல்லாம் உள்ளே வருவார்களா? கலிபோர்னியாவில் மாற்று ஆசிரியர் ஒருவர் ஒரே கல்வியாண்டில் 100 முழு நாள் வேலை செய்தால் உறுப்பினராகிறார். டெக்சாஸில் சார்ட்டர் பள்ளி ஊழியர்களும் மாநில நிதியத்துக்குள்தான் வருகிறார்கள். வேறு சில மாநிலங்களில் அந்த முடிவை சார்ட்டர் பள்ளியிடமே விட்டுவிடுகிறார்கள். அங்கே வேலைக்குப் போகிறவர், "இந்தப் பள்ளி மாநில நிதியத்தில் சேர்ந்திருக்கிறதா?" என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுவது நல்லது. சம்பளத்தைப் பற்றிக் கேட்பதைவிட இது முக்கியமான கேள்வி என்றுகூடச் சொல்வேன்.

தகுதியை வரையறுக்கும் ஒரு வாக்கியம் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு இல்லினாயிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2007 பிப்ரவரியில் அங்கே ஒரு சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியர் சங்கங்களில் வேலை செய்பவர்கள், ஆசிரியர் சான்றிதழ் பெற்று, சட்டம் நடைமுறைக்கு வரும் முன் ஆசிரியராகப் பணியாற்றியிருந்தால், அவர்களின் பழைய சங்கப் பணிக்காலத்தையும் ஆசிரியர் பென்ஷன் கணக்கில் சேர்க்கலாம் என்றது அது. சங்கத்துக்காக சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டும் வேலை பார்த்த ஒருவர், அந்த ஜனவரியில் ஒரே ஒரு நாள் மாற்று ஆசிரியராகப் போய் வந்தார். பிறகு உரிய சந்தாவைக் கட்டி, பழைய வருடங்களைக் கணக்கில் ஏற்றிக்கொண்டார். செய்தி வெளியே வந்ததும் மக்கள் கொதித்தார்கள். 2012-இல் சட்டமன்றம் அந்தச் சலுகையைத் திரும்பப் பெற்றது. அவர் வழக்குத் தொடுத்தார். 2019-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. கொடுத்த உரிமையைப் பின்னால் பிடுங்க அரசியலமைப்பு இடம் தரவில்லை என்றது. வருடக்கணக்கில் மாற்று ஆசிரியராக அலைந்தும் நாள் கணக்குப் போதாமல் வெளியே நிற்பவர்களை நினைத்தால் இது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் நீதிமன்றம் காத்தது ஒரு மனிதரை மட்டுமல்ல. அந்த அரசியலமைப்பு விதி இல்லினாயின் லட்சக்கணக்கான ஆசிரியர்களுக்கும் கேடயமாக இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

வெஸ்டிங்: உரிமை உங்களுடையதாகும் நாள்

உறுப்பினராவது முதல் வாசல். பென்ஷன் உரிமை உறுதியாவது இரண்டாவது வாசல். இதைத்தான் வெஸ்டிங் என்கிறார்கள். குறிப்பிட்ட வருடங்கள் வேலை செய்து முடித்தால், அதன் பிறகு வேலையை விட்டுப் போனாலும், வயது வந்ததும் மாதாந்திர பென்ஷன் உண்டு. அந்த வருடங்கள் முடியும் முன் விலகினால் பென்ஷன் இல்லை. உங்கள் சம்பளத்தில் பிடித்த பணம் மட்டும், பெரும்பாலும் கொஞ்சம் வட்டியோடு, திரும்பி வரும். உங்களுக்காகப் பள்ளி மாவட்டமும் மாநிலமும் கட்டிய பங்கு பொதுவாக நிதியத்திலேயே தங்கிவிடும்.

டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் 5 வருடம் போதும். இல்லினாயின் முதல் பிரிவுக்கும் 5 வருடம்தான், இரண்டாம் பிரிவுக்கு 10. பென்சில்வேனியாவின் கதை இன்னும் விசித்திரம். அங்கே நெடுங்காலம் 10 வருடமாக இருந்தது. பங்குச் சந்தை கொழித்துக் கிடந்த காலத்துக்குப் பின்னால், 2001-இல், அதை 5 ஆகக் குறைத்து, பென்ஷன் சதவீதத்தையும் உயர்த்தினார்கள். பிறகு நிதியத்தில் பள்ளம் விழுந்தது. 2010-இல் இன்னொரு சட்டம் போட்டுப் புதியவர்களுக்கு மீண்டும் 10 ஆக்கினார்கள். நல்ல காலத்தில் தாராளம், கெட்ட காலத்தில் கெடுபிடி. ஆனால் அந்தக் கெடுபிடியைச் சுமப்பது தாராளத்தை அனுபவித்தவர்கள் அல்ல, அவர்களுக்குப் பின்னால் வந்த இளைஞர்கள். நியூயார்க் எதிர்த்திசையில் போனது. 2012 ஏப்ரல் 1 முதல் சேர்ந்த ஆறாம் பிரிவினருக்கு 10 வருடம் என்று வைத்திருந்ததை 2022-இல் 5 ஆகக் குறைத்துவிட்டது.

என் கருத்தைக் கேட்டால், பத்து வருடம் என்பது அதிகம். ஆசிரியர் வேலையில் முதல் சில வருடங்களிலேயே விலகுபவர்கள் நிறையப் பேர். திருமணம், குழந்தை, துணைவருக்கு வேறு மாநிலத்தில் வேலை, வகுப்பறைக் களைப்பு என்று காரணங்கள் பல. எட்டு வருடம் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திவிட்டுப் போகிற ஒருவர், தான் கட்டிய காசை மட்டும் எடுத்துக்கொண்டு போவது நியாயமாகப் படவில்லை. அதிலும் பல மாநிலங்களில் ஆசிரியர்கள் சோஷியல் செக்யூரிட்டியிலும் கிடையாது. ஆக அந்த எட்டு வருடம் அவருடைய ஓய்வுக்காலக் கணக்கில் ஏறக்குறைய வெறுமையாகவே நிற்கும்.

அப்படி விலகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திரும்பி வரும் பணத்தைக் கையில் வாங்கிச் செலவழித்தால் வருமான வரி உண்டு. வயது குறைவாக இருந்தால் பொதுவாக 10 சதவீதம் கூடுதல் வரியும் சேரும். அதை நேரடியாக வேறொரு ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றினால் இந்த இழப்பு இல்லை. அதைவிட முக்கியம், மீண்டும் அதே மாநிலத்தில் ஆசிரியராக வர வாய்ப்பிருந்தால், எடுக்க அவசரப்பட வேண்டாம். பணத்தை எடுத்துவிட்டால் அந்த வருடங்களின் கணக்கும் அழிந்துவிடும். பிறகு அதை மீட்க வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

வயதும் வருடமும்

உரிமை உறுதியான பிறகும் பென்ஷன் உடனே வராது. எந்த வயதில், எத்தனை வருடப் பணியோடு என்று இன்னொரு கணக்கு இருக்கிறது. பல மாநிலங்களில் இதற்கு ஒரு கூட்டல் விதி வைத்திருக்கிறார்கள். டெக்சாஸில் அது 80 விதி. வயதையும் பணிக்காலத்தையும் கூட்டினால் 80 வர வேண்டும். 52 வயது, 28 வருடப் பணி என்றால் 80, தேறிவிட்டது. மிசௌரியிலும் 80 விதி உண்டு. பென்சில்வேனியா 2010 சட்டத்துக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு 92 என்று வைத்து, அதிலும் 35 வருடப் பணி கட்டாயம் என்றது.

டெக்சாஸின் 80 விதியும் எல்லோருக்கும் ஒன்றுபோல இல்லை. பழைய ஆட்களுக்கு 80 வந்தாலே போதும், வயது பார்க்க மாட்டார்கள். 2007 செப்டம்பர் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குக் குறைந்தது 60 வயதும் ஆகியிருக்க வேண்டும். 2014-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். அந்த ஆகஸ்ட் மாதக் கடைசிக்குள் 5 வருடம் முடிக்காதவர்களுக்கும் அதன் பிறகு சேர்ந்தவர்களுக்கும் 62 வயது. அதாவது 22 வயதில் சேர்ந்த ஓர் இளம் ஆசிரியர் 51 வயதிலேயே 80-ஐத் தொட்டுவிடுவார். ஆனால் முழு பென்ஷனுக்கு இன்னும் 11 வருடம் காத்திருக்க வேண்டும், முன்னதாகப் போனால் தொகை வெகுவாகக் குறையும்.

தொகை எப்படி வருகிறது என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுவோம். டெக்சாஸில் ஒவ்வொரு வருடப் பணிக்கும் 2.3 சதவீதம். 25 வருடம் என்றால் 57.5 சதவீதம். இதை அதிகச் சம்பளம் வாங்கிய 5 வருடங்களின் சராசரியோடு பெருக்க வேண்டும். அந்தச் சராசரி 60,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 34,500 டாலர். எந்த மாநிலமானாலும் இந்த மூன்றும்தான்: வருடம், சதவீதம், சராசரிச் சம்பளம். சட்டமன்றம் கை வைக்க நினைத்தால் இந்த மூன்றில் ஒன்றில்தான் வைக்கும். கலிபோர்னியாவில் 2013-க்கு முன் சேர்ந்தவர்களுக்கு 60 வயதில் 2 சதவீதம், 2013 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்கு அதே 2 சதவீதம் 62 வயதில்தான். இல்லினாயில் முதல் பிரிவுக்குச் சராசரி தொடர்ச்சியான 4 வருடங்களுக்கு, இரண்டாம் பிரிவுக்கு 8 வருடங்களுக்கு. நான்கை எட்டாக்கியது சின்ன மாற்றம் போலத் தோன்றும். ஆனால் சம்பளம் குறைவாக இருந்த பழைய வருடங்கள் கணக்கில் கலந்துவிடுவதால் சராசரி இறங்கிவிடும்.

பணிக்காலத்தைக் கூட்டிக்கொள்ள சில வழிகள் உண்டு. இல்லினாயில் எடுக்காத மருத்துவ விடுப்பு நாட்கள் 340 வரை சேர்ந்திருந்தால் 2 வருடப் பணியாகக் கணக்காகும். ராணுவ சேவைக்காக இடையில் போய்த் திரும்பியவர்களுக்கு 1994-இன் மத்தியச் சட்டம் அந்தக் காலத்தைக் காப்பாற்றித் தருகிறது. வேறு மாநிலத்தில் ஆசிரியராக இருந்த வருடங்களைப் பணம் கட்டி வாங்கிக்கொள்ளவும் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. விலை மலிவாக இருக்காது. முன்பு கலிபோர்னியாவில் வேலையே செய்யாத 5 வருடத்தைக்கூடக் காசு கொடுத்து வாங்கலாம் என்று இருந்தது. 2013 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். இதை எதிர்த்துத் தீயணைப்பு வீரர்கள் சங்கம் வழக்குப் போட்டது. 2019-இல் மாநில உச்ச நீதிமன்றம் நிறுத்தியது செல்லும் என்றது.

ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு விதியை மாற்றலாமா?

இங்கேதான் மாநிலங்களின் குணம் தெரிகிறது. இல்லினாயின் 1970 அரசியலமைப்பு, பென்ஷன் உறுப்பினராக இருப்பதையே ஓர் ஒப்பந்த உறவு என்கிறது. அதன் பலன்களைக் குறைக்கவோ கெடுக்கவோ கூடாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. நிதியப் பற்றாக்குறையைச் சமாளிக்க 2013-இல் சட்டமன்றம் பழைய உறுப்பினர்களின் பலன்களையும் குறைத்துச் சட்டம் போட்டது. 2015 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் அதை அடியோடு ரத்து செய்தது. நான் கேடயம் என்று சொன்னது இதைத்தான்.

இந்தக் கேடயத்துக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. உள்ளே இருப்பவர்களைத் தொட முடியாது என்றால், செலவைக் குறைக்க இன்னும் சேராதவர்களைத்தான் தொட முடியும். அவர்களுக்குச் சட்டமன்றத்தில் குரல் இல்லை, சங்கத்தில் ஓட்டு இல்லை. பல பேர் அப்போது கல்லூரியில்கூட நுழைந்திருக்க மாட்டார்கள். புதிய பிரிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவதற்கு இது பெரிய காரணம். சில மாநிலங்கள் இன்னும் ஒரு படி தாண்டின. அலாஸ்கா 2006 ஜூலை முதல் சேர்ந்த ஆசிரியர்களுக்கு உறுதியான பென்ஷனையே நிறுத்திவிட்டு, சந்தையோடு ஏறி இறங்கும் சேமிப்புக் கணக்கைக் கொடுத்தது. டென்னசி 2014-இலும் பென்சில்வேனியா 2019-இலும் பாதி பென்ஷன், பாதி சேமிப்பு என்ற கலப்புத் திட்டத்துக்குப் போயின.

மசோதாக்களை அவசரத்தில் நிறைவேற்றாமலிருக்க ஜார்ஜியா செய்திருக்கும் ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். செலவு வைக்கும் ஓய்வூதிய மசோதா எதையும் இரண்டாண்டுக் கூட்டத்தொடரின் முதல் வருடத்தில் தாக்கல் செய்ய வேண்டும். கணக்கீட்டு வல்லுநர் அதன் செலவை ஆராய்ந்து சொன்ன பிறகு, இரண்டாம் வருடத்தில்தான் நிறைவேற்றலாம்.

அதே ஜார்ஜியா 2022-இல் ஓய்வு பெற்றவர்கள் திரும்ப வருவதற்கும் ஒரு சட்டம் போட்டது. 30 வருடப் பணி முடித்து, ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆனவர்கள், ஆள் கிடைக்காத பாடங்களுக்கு முழுநேரமாக வரலாம், பென்ஷனும் நிற்காது என்றது அது. மற்றபடி பெரும்பாலான மாநிலங்களில் ஓய்வுக்குப் பின் பள்ளியில் வேலை செய்ய நாள் வரம்போ வருமான வரம்போ இருக்கும். அதை மீறினால் பென்ஷன் நிறுத்தப்படலாம். ஓய்வு பெற்ற கையோடு மறு வாரமே பழைய பள்ளிக்குப் போய்விட வேண்டாம், இடைவெளி எவ்வளவு வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சோஷியல் செக்யூரிட்டி எங்கே வருகிறது?

1950-களில் சட்டம் திருத்தப்பட்டு, விரும்பும் மாநிலங்கள் தங்கள் ஊழியர்களைச் சோஷியல் செக்யூரிட்டியில் சேர்க்க வழி பிறந்தது. பல மாநிலங்கள் சேர்ந்தன. கலிபோர்னியா, இல்லினாய், ஓஹையோ, மாசசூசெட்ஸ் ஆசிரியர்களும் டெக்சாஸின் பெரும்பாலான ஆசிரியர்களும் இன்றுவரை வெளியேதான் இருக்கிறார்கள். ஆசிரியராவதற்கு முன்போ கோடை விடுமுறையிலோ வேறு வேலை பார்த்து சோஷியல் செக்யூரிட்டி கட்டியவர்களுக்கு, ஆசிரியர் பென்ஷன் வருகிறது என்ற காரணத்தால் அந்தத் தொகையைக் குறைக்கும் ஒரு விதி 1983 முதல் இருந்தது. கணவனையோ மனைவியையோ சார்ந்து வரும் தொகையைக் குறைக்கும் விதி 1977-இலேயே வந்துவிட்டது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆசிரியர்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள். 2025 ஜனவரி 5 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட சட்டம் இரண்டு விதிகளையும் ஒழித்தது. 2024 ஜனவரி மாதத் தொகையிலிருந்தே அது பொருந்தும். பழைய கட்டுரைகளிலும் கையேடுகளிலும் இந்த வெட்டுகள் இன்னும் இருப்பதுபோல எழுதியிருக்கும், ஏமாந்துவிட வேண்டாம்.

இல்லினாயின் அந்த இரண்டாம் ஆசிரியர் விஷயத்துக்கு வருவோம். 1991 ஜூலை முதல் ஒரு மத்திய விதி இருக்கிறது. சோஷியல் செக்யூரிட்டிக்கு வெளியே நிற்கும் அரசு ஊழியருக்கு மாநிலம் தரும் ஓய்வூதியத் திட்டம் குறைந்தபட்சத் தரத்தையாவது எட்ட வேண்டும். எட்டாவிட்டால் அவரைச் சோஷியல் செக்யூரிட்டியில் சேர்த்தே ஆக வேண்டும். இரண்டாம் பிரிவுக்குப் பென்ஷன் கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு சோஷியல் செக்யூரிட்டியின் சம்பள வரம்பைவிட மெதுவாகவே ஏறுகிறது. ஆகவே 2010-இல் செலவைக் குறைக்க வரைந்த அந்தப் பிரிவு, ஒரு கட்டத்தில் மத்திய அரசின் தரத்துக்குக் கீழே போய்விடும் என்ற கவலையில், அதைத் திருத்தும் யோசனைகள் இல்லினாய் சட்டமன்றத்தில் வந்துகொண்டிருக்கின்றன. 2011-இல் சேர்ந்த நம் கணக்கு ஆசிரியர் 67-ஐத் தொடுவதற்குள் அவருக்கான விதி இன்னொரு முறை மாறலாம். இந்த முறை அவருக்குச் சாதகமாக.